திங்கட்கிழமை காலை சாம்பியன்கள்

அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி என்றால் நமக்குத் திங்கட்கிழமை காலை எட்டு மணி. அங்கே குளிர்காலம் என்றால் ஒன்பது மணி. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கும் மல்யுத்த ரசிகன் எவனையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்லிவிடுவான். பல ஆண்டுகளாகப் பெரிய சாம்பியன்ஷிப் போட்டிகள் எல்லாம் அங்கே ஞாயிறு இரவில்தான் நடந்தன. இங்கே அது பள்ளியில் சபைகூடல் நேரம், அலுவலகத்தில் வாரத்தின் முதல் கூட்டம் நடக்கும் நேரம். ரெசல்மேனியா நடக்கும் வாரத்தில் மட்டும் திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி வரும் பிள்ளைகளும், எம்சி கேட்டு கிளினிக் வாசலில் நிற்கும் பெரியவர்களும் எத்தனை பேர் என்று சுகாதார அமைச்சுதான் கணக்கெடுக்க வேண்டும். இப்போது பல போட்டிகளைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். நமக்கு ஞாயிறு காலை. எம்சி செலவு மிச்சம்.

இவற்றுக்குப் 'பே-பெர்-வியூ' என்று பெயர். ஸ்டேடியத்துக்கு டிக்கெட் வாங்குவதுபோல, அந்த ஓர் இரவுக்கு மட்டும் பணம் கட்டி வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது. 1985 மார்ச் 31-ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் முதல் ரெசல்மேனியா நடந்தபோது பெரும்பாலோர் அதைத் திரையரங்குகளில் மூடிய ஒளிபரப்பாகத்தான் பார்த்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் 'ரெஸ்லிங் கிளாசிக்' வீட்டுக்கே வந்தது. வாரந்தோறும் தொலைக்காட்சியில் காட்டுவது கதை வளர்ப்பதற்கு. பே-பெர்-வியூ அந்தக் கதையை முடிப்பதற்கு. பட்டம் கைமாறுவது பெரும்பாலும் அங்கேதான். 2022-ல் டபிள்யூடபிள்யூஇ நிறுவனம் அந்தப் பெயரையே எடுத்துவிட்டு 'பிரிமியம் லைவ் ஈவென்ட்' என்று மாற்றியது. நம் பையன்கள் இன்னும் 'பிபிவி' என்றுதான் சொல்கிறார்கள்.

எங்கள் காலத்தில் கட்டணமும் இல்லை, நேரலையும் இல்லை. வீடியோ டேப்தான். காப்பார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கிள்ளான் நகருக்குச் சைக்கிள் மிதித்துப் போய், கடைக்காரரிடம் நாலு மாதம் பழையதாகிப்போன டேப்பை வாடகைக்கு எடுத்து வருவோம். யார் ஜெயித்தார் என்பது அமெரிக்காவில் அதற்குள் எல்லாருக்கும் மறந்தே போயிருக்கும். எங்களுக்கு அது அன்று காலைதான் நடந்தது. ஒரு வீட்டில் டிவி, இன்னொரு வீட்டில் வீடியோ பெட்டி, மூன்றாவது வீட்டில் பெரிய வரவேற்பறை. மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்பதற்குள் பாதி நாள் போய்விடும்.

1987 மார்ச் 29-ல் நடந்த மூன்றாவது ரெசல்மேனியாவை அப்படித்தான் பார்த்தேன். மிஷிகன் மாநிலத்தின் போன்டியாக் சில்வர்டோம் அரங்கில் 93,173 பேர் என்று நிறுவனம் அறிவித்தது. அந்த எண்ணிக்கையைப் பற்றி இன்றுவரை சண்டை ஓய்ந்தபாடில்லை. ஹல்க் ஹோகன் சாம்பியன், எதிரே ஆண்ட்ரே தி ஜெயண்ட். 520 பவுண்டு என்று அறிவிக்கப்பட்ட அந்த மனிதமலையைத் தூக்கிப் போட்டார் ஹோகன். தோட்டத்து லயம் அதிர்ந்தது. ஆண்ட்ரேயின் முதுகு அப்போதே பழுதாகிப் போயிருந்தது என்பதும், உடைக்குள் முதுகுப் பட்டை கட்டிக்கொண்டுதான் மேடை ஏறினார் என்பதும், தன்னைத் தூக்க அவர் சம்மதித்ததால்தான் தூக்க முடிந்தது என்பதும் எனக்குத் தெரியவர இன்னும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. தெரிந்த பிறகு ஹோகனைவிட ஆண்ட்ரேயைத்தான் அதிகம் பிடித்தது.

<b>“எல்லாம் பொய்தானே?”</b>

மல்யுத்தம் பற்றி எழுதினால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. ஆமாம், யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவானது. இதை இப்போது யாரும் மறைப்பதில்லை. 1989-லேயே நியூஜெர்சி மாநில செனட் சபையில் அந்த நிறுவனத்தின் தரப்பே, இது விளையாட்டுப் போட்டி அல்ல, பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டது. உண்மை பேசும் ஆசை வந்து ஒப்புக்கொள்ளவில்லை. விளையாட்டு என்றால் அரசு ஆணையத்தின் கட்டுப்பாடும் கட்டணமும் உண்டு. பொழுதுபோக்கு என்றால் இல்லை.

ஆனால் முடிவு தீர்மானிக்கப்பட்டது என்பதும், அடி பொய் என்பதும் வேறு வேறு. மேடையின் அடியில் இருப்பது இரும்புச் சட்டம். அதன்மேல் பலகைகள். பலகைமேல் மெல்லிய பஞ்சுத் தகடு, அதற்கும்மேல் கித்தான் துணி. அதில் நூறு கிலோ மனிதன் எட்டடி உயரத்திலிருந்து மல்லாக்க விழுந்தால், கதையில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் முதுகு முதுகுதான்.

1999 மே 23, கான்சஸ் சிட்டி. 'ஓவர் தி எட்ஜ்' என்ற பே-பெர்-வியூ. ஓவன் ஹார்ட் என்ற கனடா வீரர் அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி மேடைக்கு வர வேண்டும். கொக்கி முன்னதாகவே விடுபட்டது. ஏறக்குறைய 24 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த நேரம் முன்பே பதிவு செய்த காட்சி ஓடியதால் விழுந்தது தெரியவில்லை. வர்ணனையாளர் ஜிம் ராஸ், இது நிகழ்ச்சியின் பகுதி அல்ல என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகு அவர் இறந்த செய்தியையும் அவரே சொன்னார். நிகழ்ச்சி நிற்கவில்லை. மிச்சமிருந்த போட்டிகள் அதே மேடையில் நடந்தன. அன்றைய சாம்பியன்ஷிப் போட்டியும் நடந்தது, பட்டமும் கைமாறியது. மறு ஆண்டு ஹார்ட்டின் குடும்பத்துக்கு 1 கோடியே 80 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். 'காசு கட்டிப் பார்க்கிறார்கள், நிறுத்த முடியாது' என்ற அந்த இரவின் கணக்கை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் பார்ப்பதை விடவில்லை. இதை எப்படி விளக்குவதென்று எனக்குத் தெரியவில்லை. ரசிகர்களுக்கு விளக்கம் வேண்டாம், மற்றவர்களுக்கு விளங்காது.

<b>பிரிக்பீல்ட்ஸ் கடையில் ஒரு காலை</b>

2017 மே 22, திங்கட்கிழமை. பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கும் சாப்பாட்டுக் கடை. கடைக்காரரின் மருமகப் பிள்ளை மடிக்கணினியைச் சுவரிலிருந்த டிவியில் இணைத்திருந்தான். எப்படி இணைத்தான், யாருடைய கணக்கு என்றெல்லாம் நான் கேட்கவில்லை. ரொட்டி சானாய் தட்டும் சத்தத்துக்கு நடுவே சிகாகோவுக்கு அருகிலுள்ள ரோஸ்மாண்ட் அரங்கிலிருந்து 'பேக்லாஷ்' ஓடிக்கொண்டிருந்தது.

அன்று சாம்பியன் ரேண்டி ஆர்ட்டன். எதிர்த்து நின்றவர் ஜிண்டர் மஹால். உண்மைப் பெயர் யுவராஜ் சிங் தேசி, கனடாவின் கால்கரியில் பிறந்த பஞ்சாபி. பல ஆண்டுகள் எல்லாரிடமும் தோற்பதற்கென்றே வைக்கப்பட்டிருந்தவர். மூன்று பேர் கொண்ட ஒரு கோமாளிக் குழுவில் கித்தார் வாசிப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தார். 2014-ல் வேலையை விட்டே அனுப்பப்பட்டார். 2016-ல் திரும்ப அழைத்தார்கள். 2017 ஏப்ரலில் ஆறு பேர் மோதிய ஒரு போட்டியில் திடீரென்று ஜெயித்து, பட்டத்துக்குச் சவால் விடும் தகுதியைப் பெற்றார். அவரா என்று எல்லாரும் சிரித்தார்கள்.

கடையில் இருந்தவர்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கேஎல் சென்ட்ரலில் வேலைக்குப் போக வேண்டிய இரண்டு தமிழ்ப் பையன்கள், இரவு வேலை முடிந்து வந்த மலாய்க்காரப் பாதுகாவலர் ஒருவர், தலைப்பாகை கட்டிய டாக்சி ஓட்டுநர் ஒருவர், நான். மஹாலின் ஆட்களான சிங் சகோதரர்கள் இருவரும் குறுக்கே விழுந்து தொல்லை கொடுக்க, ஆர்ட்டன் அவர்களைப் பிடித்துச் சாத்தினார். சாத்திவிட்டுத் திரும்பும்போது மஹால் அவரைக் கழுத்தோடு தூக்கிக் கீழே அறைந்தார். நடுவர் மூன்று முறை தட்டினார். அவ்வளவுதான். டபிள்யூடபிள்யூஇ பட்டத்தின் 50-ஆவது சாம்பியன் பழுப்பு நிறத்தவர்.

பையன்களில் ஒருவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றான். “நம்ம ஆளு! நம்ம ஆளுடா!” என்று கத்தினான். பஞ்சாபி எப்படி உனக்கு 'நம்ம ஆளு' என்று நான் கேட்கவில்லை. பழுப்பு நிறத்தில் ஒருவன் அந்தப் பெரிய பட்டத்தைத் தோளில் போட்டு நிற்பதை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்த மிருகம் போலக் காட்டப்பட்ட கிரேட் காலியை மட்டும் பார்த்திருக்கிறான். 2007-ல் காலி ஹெவிவெயிட் பட்டம் வென்றார்தான். ஆனால் ஏழடி உயரம் என்பதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

டாக்சிக்காரர் கத்தவில்லை. தே தாரிக்கை இறக்கி வைத்துவிட்டு நல்ல தமிழில் சொன்னார்: “இது என்ன பெரிய விஷயம் தம்பி. இதே கோலாலம்பூர்ல எங்கப்பா தாராசிங்கையே பாத்திருக்காரு.”

<b>கிங்காங்கும் தாராசிங்கும்</b>

நம் ஊரில் சீக்கியர்களை 'வங்காளி' என்று தவறாக அழைக்கும் பழக்கம் பழைய ஆட்களுக்கு உண்டு. என் பெரியப்பாவும் அப்படித்தான் சொல்வார். ஆனால் தாராசிங்கை மட்டும் 'வங்காளி' என்று சொல்ல மாட்டார். 'தாராசிங்' என்று முழுப் பெயர்தான். ஐம்பதுகளில் தோட்டத்திலிருந்து லாரி பிடித்து, பத்துப் பதினைந்து பேராகப் பட்டணத்துக்குப் போய் 'குஸ்தி' பார்த்த கதையைச் சொல்லாமல் அவருடைய தீபாவளி முடியாது. குஸ்தி என்றுதான் அவர்கள் சொன்னார்கள். மல்யுத்தம் என்பது புத்தகச் சொல், ரெஸ்லிங் என்பது எங்கள் தலைமுறைச் சொல்.

அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமத்தில் 1928-ல் பிறந்த தாராசிங், 1940-களின் இறுதியில் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் வந்தவர். பீப்பாய் செய்யும் ஆலையில் வேலை பார்த்தார். ஹர்னாம் சிங் என்பவரிடம் குஸ்தி கற்றார், கிரேட் வேர்ல்ட் அரங்கில். நம் முன்னோர் பால்மரம் வெட்டவும் தண்டவாளம் போடவும் வந்ததுபோல அவரும் கூலிக்கு வந்தவர்தான் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பிறகு கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று மலாயா சாம்பியன் ஆனார். இந்தியா அவரைக் கொண்டாடுவதற்கு முன்பே மலாயா அவரைக் கொண்டாடிவிட்டது. 1954-ல் அங்கே ருஸ்தமே ஹிந்த் பட்டமும், 1968-ல் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டமும் வந்தது பின்கதை. இந்தி சினிமா, ராமானந்த சாகரின் 'ராமாயணம்' தொடரில் அனுமார் வேடம் எல்லாம் தனிக்கதை.

கிங்காங் என்பவர் எமில் சாஜா. ஹங்கேரியர். ஏறக்குறைய 200 கிலோ எடை, தாடி, கர்ஜனை. காலையில் மூன்று டஜன் முட்டையும் ஆறு கோழியும் சாப்பிடுவார் என்பது பெரியப்பாவின் கணக்கு. ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு கோழி கூடும். கிங்காங் மேடை ஏறினால் கூட்டம் 'ஊ'வென்று கத்தும், தாராசிங் ஏறினால் எழுந்து நிற்கும். அந்த மோதல்கள் சிங்கப்பூர், மலாயா, இந்தியா என்று ஊர் ஊராக நடந்தன. 1962-ல் 'கிங்காங்' என்ற பெயரிலேயே தாராசிங்கைக் கதாநாயகனாக வைத்து ஓர் இந்திப் படமும் வந்தது. நிஜக் கிங்காங் 1970-ல் ஒரு கார் விபத்துக்குப் பின் சிங்கப்பூர் மருத்துவமனையில் இறந்தார். பெரியப்பா அந்தச் செய்தியை நாளிதழில் படித்துவிட்டு அன்று சாப்பிடவில்லையாம். “அவன் கெட்டவன்தானே பெரியப்பா?” என்று கேட்டேன். “மேடையிலதாண்டா கெட்டவன்” என்றார். எல்லாம் நடிப்பு என்பது தெரியாமல் அந்தக் காலத்து ஆட்கள் பார்த்தார்கள் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

டாக்சிக்காரர் சொன்னதில் எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்று. எழுபது ஆண்டுகளுக்கு முன் நம் மேடையில் பழுப்பு நிறத்தவன் நாயகன், வெள்ளைக்காரன் வில்லன். காலனி ஆட்சி இன்னும் போகாத ஊரில், லாரி ஏறி வந்த தோட்டத் தொழிலாளி, ஒரு வெள்ளைக்காரனைத் தூக்கி அடிப்பதைக் காசு கொடுத்துப் பார்த்தான். தோட்டத்தில் துரையின் முன்னால் சைக்கிளில் இருந்து இறங்கி நடந்தவன் அவன். அந்த ஒரு டிக்கெட்டுக்குள் என்ன இருந்தது என்பது அவனுக்குத்தான் தெரியும்.

2017-ல் அது தலைகீழ். ஜிண்டர் மஹால் வில்லன். தலைப்பாகையோடு வந்து பஞ்சாபியில் பேசினார். 'நான் வேறு மாதிரி இருக்கிறேன், வேறு மொழி பேசுகிறேன், அதனால்தான் என்னை வெறுக்கிறீர்கள்' என்று அமெரிக்கக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கூட்டம் வெறுத்தது. அதற்குத்தான் சம்பளம். பிரிக்பீல்ட்ஸில் 'நம்ம ஆளு' என்று கத்தியவன் அந்தப் பக்கம் போனால் அவனையும் சேர்த்துத்தான் அந்தச் சத்தம்.

<b>170 நாள்</b>

மஹாலின் பட்டம் 170 நாள் நீடித்தது. ஜூனில் ஆர்ட்டனை அவருடைய சொந்த ஊரான செயிண்ட் லூயிஸிலேயே தோற்கடித்தார். ஜூலையில் மூங்கில் கூண்டுக்குள் நடந்த 'பஞ்சாபி சிறை' போட்டியில் காலி திடீரென வந்து கைகொடுக்க, மறுபடியும் ஜெயித்தார். ஆகஸ்டிலும் அக்டோபரிலும் ஜப்பானியரான ஷின்சுகே நகமுராவை வென்றார்.

நடுவே செப்டம்பரில் ஒரு நாள், நகமுராவின் முகத்தையும் உச்சரிப்பையும் மஹால் கேலி செய்து பேசும்படி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அமெரிக்கக் கூட்டமே 'இது அதிகம்' என்று கோஷம் போட்டது. இந்தியரையும் ஜப்பானியரையும் ஒரே மேடையில் ஏற்றிவிட்டு, இருவரையும் ஒருவர் மூலம் ஒருவர் அவமானப்படுத்துவது. சீனரும் மலாய்க்காரரும் நாமும் ஒரே மேசையில் உட்கார்ந்து பார்க்கும் ஊரில் அதைப் பார்ப்பது இன்னும் சங்கடம். அந்தக் காட்சியை ஒரு சீன நண்பரின் கைப்பேசியில் பார்த்தேன். பாதியிலேயே நிறுத்தி, “சாப்பிடலாமா?” என்றார்.

மஹாலுக்கு ஏன் பட்டம் கொடுத்தார்கள் என்பது ரகசியமே அல்ல. இந்தியச் சந்தை. நூறு கோடிக்கு மேல் மக்கள், அதில் பாதிப் பேர் இளைஞர்கள். டிசம்பரில் புதுடில்லியில் நிகழ்ச்சி. சாம்பியனாகவே மஹால் அங்கே போய் இறங்குவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நவம்பர் 7-ஆம் தேதி, மான்செஸ்டரில், பே-பெர்-வியூகூட அல்லாத ஒரு சாதாரண வாராந்திர நிகழ்ச்சியில் ஏஜே ஸ்டைல்ஸ் அவரை வென்று பட்டத்தை எடுத்துக்கொண்டார். காரணம் வியாபாரம்தான்: அந்த மாதப் பே-பெர்-வியூவில் பிராக் லெஸ்னரோடு மோத மஹாலைவிட ஸ்டைல்ஸ் எடுபடுவார். டிசம்பர் 9-ல் டில்லியில் தன் சொந்த மக்களுக்கு முன்னால் மஹால் வெறுங்கையோடு வந்து டிரிபிள் எச்சிடம் தோற்றார்.

ஸ்டைல்ஸ் மஹாலைவிடத் திறமைசாலி. இதில் சந்தேகமே இல்லை. அவர் சாம்பியன் ஆனதும் போட்டிகள் பார்க்கும்படியாக ஆயின. ஆனாலும் அந்தப் பட்டத்தைக் கொடுத்த விதமும் பிடுங்கிய விதமும் ஒன்றுதான் என்று தோன்றியது. இரண்டிலும் மஹாலின் உழைப்புக்கு இடமில்லை. வேலையிழந்து, உடம்பைத் தேற்றி, திரும்பி வந்த ஒரு மனிதனின் கதை அங்கே தயாராக இருந்தது. அதை அவர்கள் சொல்லவே இல்லை. அமெரிக்க மண்ணில் கோடி ரூபாய்க்கு எழுத்தாளர்களை வைத்திருக்கிறார்கள். தலைப்பாகைக்கு மேலே அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை.

<b>நம் மேடை</b>

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், என் அக்கா மகன். படிவம் ஐந்து முடித்துவிட்டு, ஷா ஆலாமில் தொழில்நுட்பம் படிக்கிறான். வயது பத்தொன்பது. மல்யுத்தம் கற்கப் போகிறேன் என்று ஆறு மாதமாகப் பிடிவாதம்.

பார்ப்பது வேறு, ஏறுவது வேறு. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வைத்து அக்கா என்னிடம் சொன்னாள்: “நீ பேப்பர்ல எழுதுறவன். நீயே அவங்கிட்ட சொல்லு தம்பி. சின்ன வயசுல அந்தக் கருமத்த வீட்டுக்குக் கொண்டு வந்ததே நீதான்.” மாமா என்ன சொல்வார் என்று அவன் ரசத்தைக் கிண்டிக்கொண்டே என்னைப் பார்த்தான். ஓவன் ஹார்ட்டைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது.

நம் நாட்டில் இது கனவு மட்டுமல்ல என்பதையும் அக்காவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 2014-ல் ஆயஸ் ஷௌகத் ஃபொன்செகா என்பவர் 'மலேசியா புரோ ரெஸ்லிங்' என்ற அமைப்பைத் தொடங்கினார். மேடைப் பெயர் 'பீனிக்ஸ்' என்ற நோர் டயானா அங்கிருந்து வந்தவர். முதலில் முகமூடியோடு மோதினார். 2018-ல் முகமூடியைக் கழற்றி, முக்காட்டோடு மேடை ஏறினார். 155 சென்டிமீட்டர் உயரம், 43 கிலோ எடை. அப்போது பகலில் மருத்துவமனையில் வேலை. 2019 ஜூலையில் நான்கு ஆண்களை ஒரே போட்டியில் வென்று 'ரெஸ்ல்கான்' பட்டத்தை எடுத்தபோது அவருக்கு வயது 19. உலகப் பத்திரிகைகள் எல்லாம் தேடி வந்தன.

“அந்தப் பொண்ணு ஜெயிக்கணும்னு முன்னாலயே பேசி வச்சதுதானே?” என்றாள் அக்கா.

“ஆமா. அப்படிப் பேசி வைக்கலாம்னு ஒரு மேடையில இருந்தவங்க நினைச்சாங்க பாரு, அதுதான் அக்கா செய்தி” என்றேன்.

அவளுக்கு அது போதவில்லை. எனக்கும் முழுதாகப் போதவில்லை. இங்கே மல்யுத்தத்தால் யாரும் வீடு வாங்கவில்லை. பெட்டாலிங் ஜெயா பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த உள்ளூர் நிகழ்ச்சிக்கு அவனோடு போனேன். இருநூறு பேர் இருக்கும். மடக்கு நாற்காலி. நிகழ்ச்சி தொடங்குமுன் மேடையைப் பூட்டியவர்களே பிறகு அதில் மோதினார்கள். முடிந்ததும் அவர்களே கழற்றி லாரியில் ஏற்றினார்கள். டிவியில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது. சத்தம். பலகையில் முதுகு மோதும் சத்தம் நெஞ்சுக்குள் வந்து விழுகிறது. என் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடினார். மேடையில் இருந்தது அவருடைய மகன் என்று பிறகு தெரிந்தது.

பட்டத்துக்கான கடைசிப் போட்டியில் வில்லனாக வந்தவர் ஓர் இந்தியர். எனக்கு மஹால் ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் இங்கே அவரைக் கூட்டம் திட்டியது தலைப்பாகைக்காகவோ பேச்சுக்காகவோ அல்ல. நடுவர் பார்க்காத நேரம் எதிராளியின் கண்ணில் குத்தியதற்காக. மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் திட்டினார்கள். அவரும் மூன்று மொழியிலும் திருப்பிக் கொடுத்தார். மண்டபமே சிரித்தது. அந்த வில்லத்தனம் முழுக்க அவர் சொந்தமாகச் சம்பாதித்தது. நகமுராவைக் கேலி பண்ண எழுதிக் கொடுத்த ஆள் அந்த மண்டபத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அக்கா மகனுக்கு அன்று இரவு முழுக்கப் பேச்சு நிற்கவில்லை. சாம்பியன் பெல்ட்டைப் பற்றிப் பேசவில்லை. அந்த வில்லனைப் பற்றித்தான்.

கடைசியில் அக்கா மூன்று நிபந்தனை போட்டாள். படிப்பை விடக் கூடாது. முதலில் டாக்டரிடம் முதுகையும் கழுத்தையும் காட்ட வேண்டும். மேல் கயிற்றில் ஏறிக் குதிக்கக் கூடாது. மூன்றாவது நிபந்தனை எவ்வளவு நாள் தாங்கும் என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் முதல் இரண்டு மாதம் கவலையில்லை. பயிற்சியில் விழுவதை மட்டும்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டி வைக்க வேண்டும், இல்லையென்றால் பின்மண்டை முதலில் தரையைத் தொடும். இரண்டு கைகளையும் விரித்துத் தரையை அறைய வேண்டும், அடி உடம்பு முழுக்கப் பரவுவதற்கு. மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும். அப்புறம் எழுந்து, மறுபடி விழ வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஐம்பது, அறுபது தடவை.

போன வாரம் அக்காவும் வந்தாள். கதவோரமாகவே நின்றாள், உள்ளே வரவில்லை. எத்தனை தடவை விழுகிறான் என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தாள். நாற்பத்து மூன்றாவது தடவை அவன் தப்பாக விழுந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டபோது, கூடப் பயிற்சி செய்த மலாய்ப் பையன் ஓடிவந்து கையை நீட்டித் தூக்கிவிட்டான். அடுத்து அவன் விழ, இவன் தூக்கிவிட்டான்.

வீடு திரும்பும் வழியில் கிள்ளானில் காரை நிறுத்தச் சொல்லி, கோடாலித் தைலம் இரண்டு புட்டி வாங்கினாள். ஒன்று மகனுக்கு. இன்னொன்று எதற்கு என்று கேட்டேன்.

“அந்தப் பையனுக்கும் அம்மா இருப்பாங்கல்ல. அவங்க வாங்கியிருக்க மாட்டாங்க” என்றாள்.